சேமநிதிப் பணத்தை டிஜிட்டல் வானொலியில் போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 57 வயது. சுங்கை சிப்புட் பட்டணத்தில் மின்சாரப் பொருள் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அப்பா, அம்மா இருவரும் பால்வெட்டுத் தொழிலாளிகள். லயத்து வீட்டில் வானொலி கேட்டே வளர்ந்தவன் நான். போன மாதம் சொந்தக்காரப் பையன் ஒருவன் மூலமாக ஒரு நிறுவனத்தார் கடைக்கு வந்தார்கள். தமிழில் டிஜிட்டல் வானொலி தொடங்கப் போகிறார்களாம். 2019-இல் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தியது போல எஃப்எம்மையும் சீக்கிரம் நிறுத்திவிடுவார்கள், அப்போது எல்லாரும் புது ரேடியோ வாங்கியே ஆகவேண்டும் என்கிறார்கள். 40,000 வெள்ளி போட்டால் நிறுவனத்தில் பங்கும் கிடைக்குமாம், சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத்துக்கு அந்த ரேடியோவை விற்கும் ஏஜென்சியும் கிடைக்குமாம். சேமநிதிப் பணம் கையில் இருக்கிறது. மனைவி வேண்டாம் என்கிறார். மகன், 'யாருப்பா இப்ப ரேடியோ கேக்குறா' என்கிறான். ஒலிபரப்புத் துறையில் இருப்பவர் நீங்கள், சொல்லுங்கள். போடலாமா? எஃப்எம் உண்மையிலேயே போய்விடுமா?

பதில்:

வணக்கம் அண்ணே.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் சாவகாசமாகப் பேசலாம். அந்த 40,000 வெள்ளியைப் போடாதீர்கள். பங்குக்கும் வேண்டாம், ஏஜென்சிக்கும் வேண்டாம். அண்ணி சொன்னதுதான் சரி. உங்கள் மகன் சொன்னது பாதி சரி, மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன். எஃப்எம்மை நிறுத்துவதற்கு நம் மலேசியாவில் ஒரு தேதியும் அறிவிக்கவில்லை, தேதி இல்லாத ஒன்றை நம்பி 57 வயதில் சேமநிதிப் பணத்தை இறக்கக்கூடாது.

உங்களிடம் வந்தவர்கள் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொன்னது நிஜம்தான், அதை நான் குறை சொல்லமாட்டேன். டிஏபி (DAB) என்று சொல்கிற டிஜிட்டல் ஒலிபரப்பு 1980-களின் கடைசியில் ஐரோப்பாவில் உருவாகி, 1995-இல் நார்வேயிலும் பிரிட்டனிலும் காற்றில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு வந்த டிஏபி பிளஸ் 2007-இலிருந்து இருக்கிறது. எஃப்எம்மில் ஒரு டிரான்ஸ்மிட்டர் ஒரு நிலையத்தைத்தான் சுமக்கும். டிஏபி பிளஸ்ஸில் ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைக்கற்றையில், ஒரு நிலையத்துக்கு நொடிக்கு 64 கிலோபிட் என்று கொடுத்தால், ஏறக்குறைய 18 நிலையங்களை அடைக்கலாம். 18 நிலையங்களும் சேர்ந்து ஒரே டிரான்ஸ்மிட்டர், ஒரே கோபுரம், ஒரே மின்கட்டணம். கணக்குப் போட்டால் தலைக்கு விழும் செலவு எஃப்எம்மை விடக் குறைவு. இரைச்சல் கிடையாது, பாட்டின் பெயர் திரையில் வரும். எல்லாம் உண்மை.

ஆனால் அந்தச் செலவுக் குறைவு 18 பேரும் வந்தால்தான். நம் நாட்டில் தமிழ் நிலையம் என்று சொன்னால் மின்னல், ராகா என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி இடத்தை யார் நிரப்புவார்கள்? ஒரே ஒரு தமிழ் நிலையம் அந்த அலைக்கற்றையை எடுத்துக்கொண்டு நடத்துவது, 44 பேர் ஏறும் பஸ்ஸை ஒரே ஆள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தினமும் ஈப்போ போய் வருவது மாதிரி. பஸ் நல்ல பஸ்தான், வாடகைதான் தாங்காது.

இப்போது அந்த 2019 கதைக்கு வருவோம், ஏனென்றால் உங்களை நம்ப வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஜூலையில் லங்காவியில் தொடங்கி அக்டோபர் கடைசியில் சபா, சரவாக்கில் முடித்தார்கள், பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு நின்றது, நமக்கெல்லாம் மைடிவி பெட்டி வந்தது. தொலைக்காட்சிக்கு நடந்தது வானொலிக்கு ஏன் நடக்காது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதிலும் தெளிவாகவே இருக்கிறது.

தொலைக்காட்சி உட்கார்ந்திருந்த இடத்துக்கு விலை இருந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைகள் சுவரைத் துளைத்துப் போகும், தூரம் போகும், கைப்பேசி நிறுவனங்களுக்கு அது தங்கச் சுரங்கம். அங்கிருந்து தொலைக்காட்சியைக் கிளப்பிய பிறகு அந்த இடம் இன்று 5ஜி-க்குப் பயன்படுகிறது. அரசாங்கம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தும் மாற்றத்தை முடித்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருந்தது. எஃப்எம் இருக்கும் இடமோ 87.5 முதல் 108 வரை, மொத்தமே 20.5 மெகாஹெர்ட்ஸ். அதில் அலையின் நீளம் மூன்று மீட்டர். ஒழுங்கான ஏரியல் வேண்டுமென்றால் முக்கால் மீட்டர் கம்பி வேண்டும், கைப்பேசிக்குள் அதை எங்கே வைப்பார்கள்? பழைய கைப்பேசிகளில் எஃப்எம் கேட்க இயர்போன் வயரைச் சொருகச் சொன்னதே அதை ஏரியலாக்கத்தான், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆக எஃப்எம் இடத்தைக் காலி செய்தால் வாங்க ஆள் வரிசையில் நிற்கவில்லை. காலி செய்யச் சொல்லி யாரும் அவசரப்படவும் இல்லை.

இன்னொன்று, தொலைக்காட்சி வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான். பழைய பெட்டியை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைச் சொருகினால் வேலை முடிந்தது. வானொலி அப்படியா? அடுக்களையில் ஒன்று, காரில் ஒன்று, கடையில் ஒன்று, லோரியில் ஒன்று, தாத்தா தலைமாட்டில் ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பரிலிருந்து விற்கும் புதுக் கார்களில் டிஜிட்டல் வானொலி இருந்தே தீரவேண்டும் என்று சட்டமே போட்டார்கள். நம் ஊர் சாலையில் ஓடும் மைவியையும் சாகாவையும் பாருங்கள், அதில் இருப்பது எஃப்எம். காரில் கேட்பவன் கையில் இல்லாத வானொலிக்கு விளம்பரம் யார் தருவார்?

விளம்பரம் என்று வந்துவிட்டது, இதுதான் எனக்கு முக்கியம். உங்களிடம் வந்தவர்களைப் பார்த்து நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். புதிதாக ஒரு வெள்ளி எங்கிருந்து வரும்? வானொலி பிழைப்பது கேட்பவர் காசில் இல்லை, நகைக்கடைக்காரர் காசில், புடவைக்கடைக்காரர் காசில். நம் தமிழ் வானொலிகளில் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் விளம்பரம் எப்படி வரிசையாகப் போகும், தீபாவளி முடிந்ததும் எப்படிக் காற்றாடும் என்று கேட்டுப் பழகிய உங்களுக்கே தெரியும். அந்த நகைக்கடைக்காரர் வாங்குவது காதுகளை, ஒலியின் தெளிவை இல்லை. அலை மாறிவிட்டது, இரைச்சல் போய்விட்டது என்பதற்காக அவர் பத்து வெள்ளி கூடுதலாகத் தரப்போவதில்லை. அதே ஆள், அதே விளம்பரம், அதே தொகை. மாறுவது செலவு மட்டும்தான், அதுவும் மேல்நோக்கி, ஏனென்றால் எல்லாரும் புது ரேடியோ வாங்கி முடிக்கும் வரை எஃப்எம்மையும் ஓட்டவேண்டும், டிஜிட்டலையும் ஓட்டவேண்டும். அந்த இரட்டைச் செலவுக் காலம் பத்து வருடமா, இருபது வருடமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. புதிதாக வரும் நிலையத்துக்கு எஃப்எம்மும் இல்லை என்றால் இன்னும் மோசம், கேட்கும் கருவியே இல்லாத ஊரில் முதல் நாளிலிருந்து சம்பளம் கொடுக்கவேண்டும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காடு. அதில் தமிழ் கேட்பவர், அதில் வானொலி கேட்பவர், அதில் புது ரேடியோ வாங்குபவர் என்று வடிகட்டிக்கொண்டே போனால் கடைசியில் விளம்பரதாரரிடம் காட்ட என்ன மிஞ்சும்?

இது என் ஊகம் இல்லை, மற்ற ஊர்களில் நடந்து முடிந்த விஷயம். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர். 1999-இல் மீடியாகார்ப் டிஏபி தொடங்கியது. சின்னத் தீவு, பணக்கார ஊர், சில கோபுரங்கள் போதும், இதைவிட வசதியான இடம் கிடைக்காது. 2011 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஹாங்காங்கில் 2011-இல் மூன்று தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள், மூன்றுமே 2016-க்குள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டன, அடுத்த வருடம் அரசாங்கமே கதையை முடித்துவைத்தது. கனடாவில் வேறு அலைவரிசையில் முயன்று பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கைவிட்டார்கள். அயர்லாந்தில் அரசு வானொலியான ஆர்டிஇ 2021-இல் டிஏபி-யை நிறுத்தியது.

பிரிட்டனைக் கேட்டால் அங்கே வெற்றிதான் என்பார்கள். சரி, அதையும் பார்ப்போம். 1995-இல் பிபிசி தொடங்கியது, 1999-இல் தனியாருக்கான தேசிய ஒலிபரப்பு வந்தது. 2008-இல் என்ன ஆனது தெரியுமா? அங்கே பெரிய தனியார் வானொலிக் குழுமமாக இருந்த ஜிகேப், இது வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது என்று வெளிப்படையாகவே சொல்லி, தன் டிஜிட்டல் ஜாஸ் நிலையத்தை மூடியது. அதே வருடம் சானல் 4 தொலைக்காட்சி நிறுவனம் தான் தொடங்க இருந்த டிஜிட்டல் வானொலித் திட்டத்தையே கைவிட்டது. கேட்கும் நேரத்தில் பாதி டிஜிட்டலுக்கு வர 2018 வரை ஆனது, அந்தப் பாதியிலும் இணையம் வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் கேட்பது சேர்ந்திருக்கிறது. இருபத்து மூன்று வருடம், பின்னால் பிபிசி-யின் உரிமக் கட்டணப் பணம். இவ்வளவுக்குப் பிறகும் எஃப்எம் குறைந்தது 2030 வரை இருக்கட்டும் என்றுதான் அங்கே முடிவாகியிருக்கிறது. அவ்வளவு காலம் காத்திருக்க பிபிசி-யால் முடியும். உங்கள் 40,000 வெள்ளியால் முடியாது.

நார்வே ஒன்றுதான் துணிந்து 2017-இல் தேசிய எஃப்எம் ஒலிபரப்பை அணைத்தது. ஐம்பது லட்சம் சொச்சம் மக்கள், மலையும் கடற்கழியுமான நாடு, ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பராமரிக்கும் செலவு அவர்களுக்குக் கழுத்தை நெரித்தது, நாடாளுமன்றம் முடிவெடுத்தது, பெரிய நிலையங்கள் எல்லாம் சேர்ந்து நடந்தன. அங்கேயும் உள்ளூர்ச் சிறு நிலையங்களில் பல எஃப்எம்மிலேயே தங்கிவிட்டன. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 கடைசியில் எஃப்எம்மை அணைத்தது, கேட்பவர் எண்ணிக்கை சரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெருநகரங்களில் டிஏபி பிளஸ் நன்றாகவே ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அங்கே ஏற்கெனவே எஃப்எம்மில் காசு பார்க்கும் நிலையங்களே சேர்ந்து நடத்துகின்றன, எஃப்எம்மை மூடவும் இல்லை. இந்த நாடுகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் டிஜிட்டல் ஒலிபரப்பு நிலைத்த இடத்தில் எல்லாம் பின்னால் அரசுப் பணமோ பழைய நிலையத்தின் லாபமோ இருக்கிறது. அந்த ஒலிபரப்பே தன் சொந்தச் சம்பாத்தியத்தில் புது நிலையம் ஒன்றை வளர்த்துக் காட்டியது அபூர்வம்.

ஏஜென்சி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். உங்களுக்கு வேர்ல்ட்ஸ்பேஸ் நினைவிருக்கலாம், தமிழ்நாட்டுக்குப் போய் வந்த சொந்தங்கள் யாராவது பேசியிருப்பார்கள். செயற்கைக்கோள் வழியாக டிஜிட்டல் வானொலி, தனி ரேடியோப் பெட்டி, சந்தா கட்டவேண்டும், விளம்பர முகம் ஏ.ஆர்.ரஹ்மான். இதைவிடப் பெரிய பெயர் தமிழில் எங்கே கிடைக்கும்? நிகழ்ச்சிகளும் தரமாக இருந்தன, சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியாவில்தான் இருந்தார்கள். 2008-இல் அமெரிக்காவில் தாய் நிறுவனம் திவால் மனு கொடுத்தது, 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியச் சேவை நின்றது. பணம் கொடுத்து வாங்கிய பெட்டியில் மறுநாளிலிருந்து அந்த நிகழ்ச்சிகள் வரவில்லை, பெட்டியை வாங்கியதே அதற்காகத்தான். ஒரே நிலையத்தை நம்பி இருக்கும் கருவியின் ஆபத்து இதுதான். நிலையம் மூடினால் உங்கள் கடை அலமாரியில் இருக்கும் பெட்டிகளை என்ன செய்வீர்கள்? வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து யார் முகத்தைப் பார்ப்பார்கள்? நிறுவனத்தார் கோலாலம்பூரில் இருப்பார்கள், சுங்கை சிப்புட்டில் கடை திறந்து உட்கார்ந்திருப்பது நீங்கள்.

இப்போது உங்கள் மகன் விஷயம். 'யாருப்பா இப்ப ரேடியோ கேக்குறா' என்று அவர் கேட்டதில் பாதி சரி என்றேன். மக்கள் கேட்கிறார்கள், ரேடியோப் பெட்டியில் கேட்பதுதான் குறைந்துவிட்டது. நம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் காலையில் போய் நின்று பாருங்கள், குலை ஏற்றும் ஆள் சட்டைப் பையில் கைப்பேசி இருக்கும், அதிலிருந்து அறிவிப்பாளர் குரல் வந்துகொண்டிருக்கும், பாட்டு நடுவில் யாராவது கூப்பிட்டால் பேசிவிட்டு மறுபடி பாட்டுக்குப் போவார். மின்னல் ஆர்டிஎம் கிளிக் செயலியில் கிடைக்கிறது, ராகா சியோக் செயலியில் கிடைக்கிறது. 64 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் 29 எம்பி கூடச் செலவாகாது, இன்றைய டேட்டாவுக்கு அது ஒன்றுமே இல்லை. டிஜிட்டல் வானொலி நம் தோட்டத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டது அண்ணே, அது கைப்பேசி வழியாக வந்துவிட்டது, புதுக் கோபுரம் கட்டிப் புது ரேடியோ விற்கத் தேவையில்லாமலேயே. டிஏபி பிடிக்கும் கைப்பேசியை எல்ஜி 2016-இல் ஒரு முறை வெளியிட்டுப் பார்த்தது, அது பரவவில்லை.

அதைவிட எனக்கு மனதில் உறுத்துவது வேறு. உங்கள் அப்பா காலத்தில் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பால்வெட்டு, பால் நிறுத்து முடித்து வந்து மத்தியானச் சாப்பாடு, மாலையில் லயத்து வாசல், எல்லா வீட்டிலும் ஒரே நிலையம். கம்யூனிஸ்டுகளை எதிர்த்த 1948-60 அவசரகாலத்தில் தோட்டங்களுக்குப் பொது வானொலிப் பெட்டி கொடுத்துக் கேட்க வைத்த காலமும் இருந்தது. ஒரு கோபுரம் வைத்தால் ஒரு சமூகத்தையே தொட முடிந்தது. அப்புறம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நம் பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், தோட்டத்தில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் கூடுதல். சுங்கை சிப்புட் தமிழர் என்று ஒரு நிலையம் தொடங்கினால் கேட்க ஆசைப்படுபவர்களில் பாதிப் பேர் சுங்கை சிப்புட்டில் இல்லை. கோபுரத்தின் அலை எவ்வளவு தூரம் போகும்? இணையம் அவர்கள் பின்னாலேயே போகும். வட்டார உரிமை என்று உங்களுக்கு அவர்கள் விற்கப் பார்ப்பது, ஆட்கள் கலைந்து போன ஒரு வட்டாரத்தை.

கருவி தெரிந்தவர் நீங்கள், அதனால் இதையும் சொல்கிறேன். கடையில் இருக்கும் சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்கும் பக்கமாக மோட்டாரில் போய்ப் பாருங்கள். மலை மறைவில் இரைச்சல் ஏறும், குரல் தேயும், ஆனாலும் 'மின்னல்' என்கிற சொல் காதில் விழும். எஃப்எம் கெடும்போது மெல்ல மெல்லக் கெடும். டிஜிட்டல் அப்படி இல்லை, பிடித்தால் சுத்தமாகப் பிடிக்கும், ஓர் அளவுக்குக் கீழே போனால் கொஞ்சம் கொப்பளித்துவிட்டுச் சட்டென்று மௌனமாகிவிடும். அதைச் சரிக்கட்ட இடையிடையே துணை டிரான்ஸ்மிட்டர்கள் போடவேண்டும். நகரத்தில் கட்டிடத்துக்குக் கட்டிடம் அது கட்டுப்படியாகும். மலையும் செம்பனையும் நடுவில் சிதறிய தாமான்களும் உள்ள நம் பகுதியில் அதற்கு யார் பணம் போடுவார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். எத்தனை டிரான்ஸ்மிட்டர், எந்த மலையில், எத்தனை வாட் என்று காகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். உண்மையிலேயே நிலையம் தொடங்கப் போகிறவர்களிடம் அந்தக் காகிதம் கட்டாயம் இருக்கும்.

அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அவர்களைத் தெரியாது. நம்பிக்கையோடு வந்த இளைஞர்களாகவும் இருக்கலாம். ஆனால் சில விஷயங்களைச் சரிபார்த்தே ஆகவேண்டும். காற்றில் ஒலிபரப்ப எம்சிஎம்சி என்கிற தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் உள்ளடக்கச் சேவை உரிமம் வேண்டும், அலைவரிசைக்குத் தனியாக ஒதுக்கீடும் வேண்டும். 'விண்ணப்பம் போட்டிருக்கிறோம்' என்பது உரிமம் ஆகாது. அடுத்தது, 2016 நிறுவனச் சட்டப்படி ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், தன் பங்குகளைப் பொதுமக்களிடம் கூவி விற்கக்கூடாது, பங்குதாரர்களும் 50 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஊர் ஊராகக் கடைக்குக் கடை போய்ப் பங்கு தருகிறோம் என்றால் அங்கேயே யோசிக்கவேண்டும். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்-இல் கொஞ்சம் கட்டணம் கட்டினால் நிறுவனத்தின் விவரம் கிடைக்கும், இயக்குநர் யார், கட்டிய மூலதனம் எவ்வளவு, கணக்கு ஒப்படைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். செக்யூரிட்டிஸ் கமிஷனும் பேங்க் நெகாராவும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, அதிலும் பெயரைத் தேடுங்கள், மகனைச் செய்யச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டத் தொழிலாளிகளிடம் பணம் சேர்த்தபோது அந்தப் பணத்துக்குப் பின்னால் நிலம் இருந்தது, வாங்கிய தோட்டத்தைப் போய்ப் பார்க்க முடிந்தது. இவர்கள் கேட்கும் பணத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சொந்தக்காரப் பையன் மூலமாக வந்ததால் மறுக்கச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. 'சேமநிதிப் பணம் மனைவி பெயரில் நிரந்தர வைப்பில் போட்டாயிற்று' என்று பொய் சொல்லத் தேவையில்லை. உரிமத்தின் நகல் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள், அது உண்மை, மரியாதையும் கெடாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பணம் பெருக்கும் ஆசையில் நீங்கள் எழுதவில்லை, வானொலி மேல் உள்ள பிரியத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரியத்துக்கு 40,000 வேண்டாம், ஆயிரம் வெள்ளிக்குள் ஆரம்பிக்கலாம். நல்ல மைக் ஒன்று, ஒலித்தொகுப்புக்கு மகனுடைய கணினி, கடைக்குப் பின்னால் விசிறி சத்தம் இல்லாத ஓர் அறை. பழைய தோட்டங்களில் வேலை செய்தவர்கள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள், மண்டோராக, கிராணியாக, ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவராக. அவர்கள் குரலைப் பதிவு செய்யுங்கள், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் இணையத்தில் போடுங்கள். சினிமாப் பாட்டு சேர்ப்பதாக இருந்தால் முதலில் எம்ஏசிபி போன்ற உரிமை அமைப்புகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பேச்சு மட்டும் என்றால் அந்தத் தொல்லை இல்லை. கோயில் திருவிழா நேரத்தில் பூக்கடைக்காரரும் பலகாரக் கடைக்காரரும் ஆளுக்கு ஐம்பது, நூறு கொடுப்பார்கள், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நஷ்டம் வந்தால் ஒரு மைக்கோடு போகும்.

கடை வியாபாரத்துக்கும் ஒன்று சொல்கிறேன். எஃப்எம்மும் புளூடூத்தும் சேர்ந்த சின்ன ரேடியோக்களை வாங்கி வையுங்கள், அவை எந்த நிலையம் மூடினாலும் வேலை செய்யும். வயதானவர்கள் கைப்பேசியில் வானொலிச் செயலியை ஏற்றி, திறந்தவுடன் அவர்களுக்குப் பிடித்த நிலையம் வரும்படி வைத்துக் கொடுத்தால் அதற்கும் கூலி வாங்கலாம். சிக்னல் மோசமான வீடுகளுக்கு எஃப்எம் ஏரியல் கட்டிக் கொடுங்கள், இரண்டு பக்கமும் முக்கால் மீட்டர் கம்பி, நடுவில் வயர், உங்களுக்கு அரை மணி நேர வேலை.

முன்பணம் என்று ஏதாவது ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதை நகலெடுத்துக்கொண்டு, திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காதீர்கள். கையெழுத்துப் போடச் சொல்லி ஏதாவது ஒப்பந்தம் தந்திருந்தால், போடுவதற்கு முன்னால் ஈப்போவில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள், அப்படியே எனக்கும் ஒரு நகல் அனுப்பினால் தொழில்நுட்பப் பகுதியை வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.